வெல்லத் தெரிந்தும் முடிக்கத் தெரியாத கோட்டை

எனக்குப் பதற்றம் வந்தால் முதலில் கால்களுக்குத்தான் தெரியும். மூளைக்குச் செய்தி போய்ச் சேரும்போது நான் ஏற்கெனவே எழும்பி நடக்கத் தொடங்கியிருப்பேன். பல்லுப் பிடுங்கப் போனாலும் இப்படித்தான். மற்றவரின் பல்லைப் பிடுங்கத் துணைக்குப் போனாலும் இப்படித்தான். ஆகவே அந்தச் சனிக்கிழமை, உட்துறைமுக வீதிப் பக்கம் இருக்கும் சதுரங்கக் கழகத்தின் மாடி அறையில் என் கால்கள் ஓரிடத்தில் நிற்கவில்லை என்றால் அதில் வியக்க ஒன்றுமில்லை. வியக்க வேண்டியது, அன்று விளையாடப் போவது நான் அல்ல என்பதுதான். விளையாடப் போவது நான் எழுதிய கணினி நிரல்.

எனக்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் வேலை. கோதுமையோ சீமெந்து மூலப்பொருளோ கொண்டுவரும் கப்பலுக்கு வேண்டிய பத்திரங்களை அடித்துக் கொடுப்பேன். என் வயதுக்காரர் சிலர் மாலையில் கடற்கரையில் கைவீசி நடக்கிறார்கள், சிலர் மீன்தொட்டி வளர்க்கிறார்கள். நான் சதுரங்கம் ஆடும் நிரலொன்றைச் சில வருடங்களாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உலகத்தில் அதனோடு விளையாடிய ஒரே மனிதன் நான்தான். ஒவ்வொரு தடவையும் தோற்றேன். ஒருநாள் மனைவியைக் கூப்பிட்டு ஒரு ஆட்டம் ஆடச் சொன்னேன். "எனக்குத் தோக்கிறதுக்கு நேரமில்லை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டார்.

கழகத்தை நடத்துபவர் ஒரு கணித ஆசிரியை. ஊரே மிஸ் என்று கூப்பிடுவதால் எனக்கும் மிஸ். கழகத்துக்கு யாரோ கொடுத்த பழைய கணினி ஒன்று இருந்தது. பயிற்சியாளர் வராத நாட்களில் பிள்ளைகள் ஆடுவதற்கு அதில் ஒரு நிரலை ஏற்றி வைக்க மிஸ் நினைத்தார். இணையத்தில் உலகத்தரமான நிரல்கள் இலவசமாகவே கிடக்கின்றனவே என்று நானே கேட்டேன்.

"அதுகள் பிழைச்சால் நான் ஆரைக் கூப்பிட்டு ஏசுறது?" என்றார் மிஸ். "ஏசுறதுக்கு ஊருக்குள்ள ஒரு ஆள் வேணும், தம்பி."

அப்படி ஏச்சு வாங்கத் தகுதியானவர்கள் மாவட்டத்தில் இரண்டு பேர். ஒன்று நான். மற்றது கிண்ணியாவில் கைபேசி திருத்தும் கடை வைத்திருக்கும் என் நண்பன். அவனும் என்னைப் போலவே ஒரு நிரல் எழுதி வைத்திருந்தான். ஒரு கணினிக்கு ஒரு நிரல்தான் என்று மிஸ் சொல்லிவிட்டார். இரண்டும் மோதட்டும், நாலு ஆட்டம், வெல்வது உள்ளே. சமன் என்றால் கணினி வட்டில் குறைந்த இடம் பிடிப்பது உள்ளே. இந்தக் கடைசி நிபந்தனையை அவர் சொன்னபோது நான் தலையாட்டினேனாம். என் காதில் விழுந்ததாக ஞாபகம் இல்லை.

எனக்கு அது வேண்டும். பகிடியாகச் சொல்லவில்லை. என் விரல் அல்லாத வேறொரு விரல் அந்த நிரலுக்கு எதிராக ஒரு காயை நகர்த்துவதை ஒருதரமாவது பார்க்க வேண்டும் என்று இருந்தது. அந்த ஆசை வந்த நிமிடத்திலிருந்து பயமும் கூடவே வந்து குடியேறிவிட்டது.

பயத்துக்குக் காரணம் இருந்தது. அதற்கு முதல் மாதம் என் நிரல் ஒரு காலாள் அதிகமாக வைத்துக்கொண்டு, வெல்கிறேன் வெல்கிறேன் என்று திரையில் பெரிய எண்ணாகக் காட்டிக்கொண்டே, மிச்சக் காய்களையெல்லாம் வெட்டுக்கு வெட்டு மாற்றித் தள்ளிவிட்டு, யாராலும் வெல்ல முடியாத ஒரு முடிவாட்டத்துக்குள் சந்தோஷமாக நடந்துபோனது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகவே முடிவாட்ட அட்டவணைகளைச் சேர்ப்பது என்று தீர்மானித்தேன்.

அட்டவணை என்றால் வேறொன்றுமில்லை. பலகையில் ராசாக்கள் உட்பட ஐந்தோ அதற்குக் குறைவாகவோ காய்கள் மிஞ்சியிருக்கிற எல்லா நிலைகளையும் யாரோ பொறுமைசாலிகள் முன்கூட்டியே கணித்து, இது வெற்றி, இது சமன், இது தோல்வி என்று கோப்புகளில் போட்டு வைத்திருக்கிறார்கள். நிரல் யோசிக்கத் தேவையில்லை. திறந்து பார்த்தால் போதும். ஆறு காய்க்கும் ஏழு காய்க்கும்கூட இருக்கின்றன; ஆனால் அவற்றை வைக்க என்னிடம் உள்ள வட்டுக்கள் எல்லாவற்றையும் அடுக்கினாலும் காணாது. ஐந்து காய்க்கானதை வீட்டில் இறக்கினேன். அந்த மாதத்து இணையப் பொதி அதோடு முடிந்தது. கனடாவிலிருந்து மனைவியின் தங்கை எடுத்த வீடியோ அழைப்பு, தங்கையின் வாய் திறந்தபடியே உறைந்து நின்றது. அது பற்றிய விசாரணை இன்னும் முடியவில்லை.

செய்தியைச் சொல்ல நண்பனின் கடைக்குப் போனேன். அவன் ஒரு கைபேசியின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிராமலே கேட்டான்.

"நீ சோதினைக்குத் துண்டு எழுதிக் கொண்டுபோற ஆள், என்ன?"

"துண்டில இருக்கிறது சரியெண்டால் எழுதினால் என்ன?"

"மச்சான், ஒரு ஆட்டம் அஞ்சு காய்க்கு வந்து சேர முந்தி நீ எத்தினை தரம் வெண்டு எத்தினை தரம் தோத்திருப்பாய்? எல்லாம் நடுவிலயே முடிஞ்சிரும். மிச்சத்துக்குப் பத்து வரி எழுதினாக் காணும். எதிரிட ராசாவ ஓரத்துக்குத் தள்ளு, உன்ட ராசாவக் கிட்டக் கொண்டுவா. அவ்வளவுதான். நீ கோப்பத் திறந்து திறந்து பாக்கிற நேரத்தில என்ட புரோகிராம் இன்னும் ஒரு நகர்த்தல் முன்னுக்குப் பாத்து ஆழமாப் போயிரும்."

"ஆழமாப் போய் நாசமாப் போனால்?"

"நாசமாப் போறது உன்ட டிபாட்மெண்ட்டு."

உண்மையில் அவன் சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் தெரியும். இணையத்தில் இந்த விவாதம் ஓய்ந்ததே இல்லை. அட்டவணையால் கிடைக்கும் பலம் சொற்பம், வரப்போகும் நகர்த்தல்களை நிரல் தானே தேடிப் பார்ப்பதே இப்போது போதுமான அளவுக்கு நன்றாகிவிட்டது என்று ஒரு கூட்டம். சொற்பம் என்றாலும் நிச்சயம் நிச்சயம்தானே என்று இன்னொரு கூட்டம். பலத்தைப் பற்றி எனக்குக் கவலை இருக்கவில்லை. நிச்சயம் என்ற சொல்லைக் கண்டதும் கிழங்கைக் கண்ட பன்றிபோல ஓடினேன்.

நண்பன் இன்னொன்றும் சொன்னான். "வேணுமெண்டால் அஞ்சு காய் வந்ததும் நிப்பாட்டுவம். உன்ட அட்டவணை சொல்லுற முடிவ நான் ஏத்துக்கொள்ளுறன். கம்பியூட்டர் போட்டியள்ல அப்பிடித்தான் செய்யிறாங்க."

எவ்வளவு நல்ல மனிதன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "ஏலாது. செக்மேட் வரைக்கும் போகோணும். பிள்ளையள் பாக்கோணும்" என்றேன். பிழையே இல்லாத நகர்த்தல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுவரில் விழுவதையும், பிள்ளைகள் வாயைத் திறந்தபடி என்னைத் திரும்பிப் பார்ப்பதையும் நான் மனதுக்குள் ஏற்கெனவே பல தடவை ஓட்டிப் பார்த்திருந்தேன்.

போட்டிக்கு முதல்நாள் அரைநாள் லீவு போட்டுக் கழகக் கணினியில் ஏற்றப் போனேன். வட்டில் இடமில்லை. பரிசளிப்பு விழா, விளையாட்டு விழா, பிரியாவிடை என்று கழுத்துவரை வீடியோ.

"அதில ஒண்டிலயும் கை வைக்காதீங்கோ தம்பி" என்றார் மிஸ். "பெற்றோர் வந்து கேப்பினம்."

என் அட்டவணையில் இரண்டு வகைக் கோப்புகள். ஒரு வகை, நிலை வெற்றியா சமனா தோல்வியா என்பதை மட்டும் சொல்லும். மற்ற வகை, அந்த வெற்றியை நெருங்கிக்கொண்டிருக்கிறோமா விலகிக்கொண்டிருக்கிறோமா என்பதைச் சொல்லும். கூட வந்த குறிப்பில், முதலாவது வகை தேடல் முழுவதும் தேவை, இரண்டாவது வகை வேரில் மட்டும் தேவை என்று போட்டிருந்தது. நிரல் யோசிப்பதை நாங்கள் மரம் என்று சொல்வோம். இப்போது பலகையில் இருக்கும் நிலை வேர். நான் இப்படிப் போனால், அவன் அப்படிப் போனால் என்று பிரிவதெல்லாம் கிளை. லட்சக்கணக்கில் கிளை. வேர் ஒன்றே ஒன்று. ஒற்றை வேருக்காக இவ்வளவு இடமா என்று நினைத்தேன். இரண்டாவது வகை முழுவதையும் அழித்தேன். இடம் கச்சிதமாகப் பொருந்தியது. என் கெட்டித்தனத்தைக் கொண்டாட முன்கடையில் ஒரு பிளேன்டீயும் பணிஸும் எடுத்தேன்.

சோதித்துப் பார்த்திருக்கலாம். பதற்றக்காரன் எதையெல்லாமோ சோதிப்பான். சோதிக்க வேண்டியது மட்டும் அதில் இருக்காது. நான் மின்செருகியைச் சோதித்தேன். காற்றாடியைச் சோதித்தேன். கரண்ட் போனால் என்று டோர்ச், தலையிடித்தால் என்று பனடோல், டோர்ச்சுக்கு மேலதிக பற்றரி.

சனிக்கிழமை தம்பலகாமத்திலிருந்தும் சீனக்குடாவிலிருந்தும்கூடப் பிள்ளைகள் பஸ் ஏறி வந்திருந்தார்கள். கீழே மோட்டார்சைக்கிள்களுக்கு நடுவில் ஊருக்குள் ஆடுமாடுபோலத் திரியும் மான்களில் இரண்டு படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்ததால் மிஸ் தன் ஸ்கூட்டரை வீதிக்கு அந்தப் பக்கம் விட வேண்டியிருந்தது. இரண்டு நிரல்களும் ஒரே கணினியில் தாமாகவே மோதும். ஆட்டம் சுவரில் பெரிதாகத் தெரியும். நண்பனுக்கும் எனக்கும் ஒரு வேலையும் இல்லை. அவன் கதிரையைச் சுவரோடு சாய்த்து இருந்தான். நான் யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்தேன்.

"இருடா" என்றான். "நீ நடக்கிறதால அது வேகமா யோசிக்கப் போறேல்ல."

முதல் ஆட்டம் சமன். இரண்டாவதை அவன் வென்றான், அதுவும் ஐந்து காய்க்கு வெகு முன்னாலேயே. மூன்றாவதை நான் வென்றேன், அதுவும் அப்படியே. அட்டவணை அதுவரை வாயே திறக்கவில்லை. நாலாவது ஆட்டத்தில் என் நிரல் ஒரு காலாளைப் பிடுங்கியது, மெல்ல மெல்ல எல்லாவற்றையும் மாற்றியது. என் கடைசிக் காலாள் ராணியாகப் போகும் தறுவாயில், வேறு வழியின்றி அவன் நிரல் தன் கோட்டையைக் கொடுத்து அதை வெட்டியது. மிஞ்சியது என் பக்கம் ராசாவும் கோட்டையும். அவன் பக்கம் தனி ராசா.

கழகத்தில் சேர்ந்த முதல் மாதத்திலேயே பிள்ளைகள் இதை முடிக்கப் பழகிவிடுகிறார்கள். நான் சுவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"இனிப் பாருங்கோ பிள்ளையள். இனி வாறதெல்லாம் கணக்குப் பாத்து முடிச்ச நகர்த்தல். இதில பிழைக்கிறதுக்கு இடமே இல்லை."

கோட்டை இரண்டு கட்டம் வலப்பக்கம் போனது. நல்லது. பிறகு ஒரு கட்டம் மேலே. பிறகு இடப்பக்கம். பிறகு ராசா ஒரு அடி எடுத்து வைத்து, அடுத்த முறை வேறொரு பக்கம் சாய்ந்தது. கோட்டை மறுபடி கீழே வந்தது. துறைமுக வாசலில் காவலுக்கு நிற்பவர் கால் மரத்துப்போய் உலாத்துவதுபோல உலாத்தியது. திரையின் மூலையில் என் நிரலின் கணிப்பு மட்டும் அசையாமல் நின்றது: வெற்றி.

முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி கேட்டாள். "அங்கிள், அது என்ன செய்யுது?"

"சுத்தி வளைக்குது."

"ஆரை?"

நண்பன் கதிரையை நேராக்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னான். "டேய், தூரம் சொல்லுற கோப்பெல்லாம் போட்டனியா?"

அப்போதுதான் மூளைக்குச் செய்தி வந்து சேர்ந்தது. கோட்டை எங்கே போனாலும் வெற்றி. ராசா எங்கே போனாலும் வெற்றி. எல்லாக் கிளையும் வெற்றி என்றால் எந்தக் கிளைக்கு எதற்கு அவசரம்? எது கிட்டக் கொண்டுபோகும் என்று சொல்லக்கூடிய கோப்புகளைத்தான் நான் இடம் போதாதென்று அழித்திருந்தேன். தானாக யோசித்திருந்தால் அந்த நிரல் எப்போதோ முடித்திருக்கும். ஆனால் அட்டவணையைத் திறந்து வெற்றி என்று கண்டதும், அதற்குமேல் யோசிக்கத் தேவையில்லை என்று அங்கேயே நின்றுவிடும்படி எழுதியவன் நானேதான். ஒரே நிலை மூன்று தடவை வந்தால் சமன் என்பது அதற்குத் தெரியும். அதனால் வெகு கவனமாக, வந்த இடத்துக்கே வராமல், ஒவ்வொரு தடவையும் புதுப்புது இடமாகப் பார்த்து உலாத்தியது. வெட்டும் காலாள் நகர்வும் இல்லாமல் ஆளுக்கு ஐம்பது நகர்த்தல் போனால் ஆட்டம் சமன்; அதை அட்டவணை எண்ணுவதில்லை. அந்த எண்ணிக்கை திரையின் அடியில் ஏறிக்கொண்டிருந்தது.

நண்பன் எழும்பினான். "மிஸ், நான் விடுறன். இது தோத்த ஆட்டம். எல்லாருக்கும் தெரியுதுதானே."

மிஸ் என்னைப் பார்த்தார். "மேட் வரைக்கும் எண்டு நீங்கதானே தம்பி கேட்டனீங்க. இப்ப நிப்பாட்டச் சம்மதமோ?"

ஓம் என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் கணினி என்னுடையது. பிள்ளைகள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் மனதுக்குள் ஓட்டிப் பார்த்த அதே காட்சி, முகபாவம் மட்டும் வேறு.

"இருங்கோ மிஸ்" என்றேன். "மேட் போடும்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் விளங்கவில்லை. கதவு திறந்திருக்கும்போது யன்னலால் பாய்வது என் சுபாவம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நண்பன் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தான். கோட்டை தன் உலாவை முடித்தது. சமன். போட்டியும் சமன். நண்பனின் நிரல் ஒரு கைபேசிப் படத்தைவிடச் சிறியது. அதுதான் உள்ளே போனது.

நடந்ததை வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி மரக்கறி வெட்டுவதை நிறுத்தாமல் கேட்டார்.

"வெண்டது வெண்டது எண்டு தெரிஞ்சுகொண்டே ஏன் அங்கயும் இங்கயும் திரிஞ்சது?"

"அதுக்குத் தூரம் தெரியாது."

"டொக்டர் ரிப்போட்டெல்லாம் கிளியர் எண்டு சொன்னாப் பிறகும் நீங்கள் ஆஸ்பத்திரி வராந்தாவில ஒரு மணித்தியாலம் நடந்தனீங்கள். உங்களைப் பாத்துத்தான் பழகியிருக்கும்."

நடந்தது உண்மைதான். ஒரு மணித்தியாலம் என்பது கொஞ்சம் கூடுதல்.

அடுத்த வாரங்களில் ஆத்திரத்தோடு வேலை செய்தேன். அட்டவணையை முழுதாகத் தூக்கினேன். நண்பன் சொன்ன பத்து வரியை எழுதினேன். என் கையில் அது முப்பது வரியானது. ஓரத்துக்குத் தள்ளு, கிட்டக் கொண்டுவா. பிறகு, ஒரு நியாயத்துக்காக, இரண்டு வகைக் கோப்பும் முழுதாக உள்ள பதிப்பையும் ஒன்றுமே இல்லாத பதிப்பையும் நாட்கணக்கில் மோதவிட்டேன். மடிகணினி சூட்டில் பூனை வந்து படுத்தது. எந்தப் பதிப்பு பலசாலி என்று என் கண்ணுக்குப் பிடிபடவில்லை. ஒழுங்காகப் போட்டால் அட்டவணை கொஞ்சம் உதவும், அவ்வளவுதான். பாதி போட்டால் இல்லாததைவிட மோசம். என்னிடம் கேட்டால், ஆட்டத்தின் நடுப்பகுதி சரியாக இல்லாதவன் அட்டவணைக்கு அலைவது, கூரை ஒழுகும் வீட்டுக்குக் கதவுமணி வாங்குவதுபோல. நான் மணி வாங்கியவன் என்பதால் சொல்கிறேன்.

திருத்திய பதிப்பு உண்மையில் நல்லது. நண்பனின் நிரலைத் தொடர்ந்து வென்றது. அதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தபோது மிஸ் அழைப்பு எடுத்தார்.

"தம்பி, உங்கட அந்தப் புரோகிராம் இருக்கோ? பிள்ளையள் கேக்கினம்."

என் குரல் எனக்கே கேட்காத உயரத்துக்குப் போயிருந்தது. "இருக்கு மிஸ். இப்ப திருத்தி, முந்தினதைவிட நல்லாக்கி..."

"திருத்தினது வேண்டாம். அந்தப் பழுதானது இருக்கோ?"

விடயம் இதுதான். நண்பனின் நிரலோடு ஆடும் சின்னப் பிள்ளைகள், இரண்டு காய் போனதும் எழும்பி வீட்டுக்குப் போய்விடுகிறார்களாம். என்னுடையது என்றால் ராசா மட்டும் மிஞ்சினாலும் தோற்காமல் இருக்கலாம் என்று அன்றைக்குச் சுவரில் பார்த்தவர்கள், அதைத்தான் கொண்டுவரச் சொல்லி நச்சரிக்கிறார்களாம்.

"கடைசிமட்டும் கதிரையில இருந்தால் எனக்குப் போதும்" என்றார் மிஸ். "ஒரு கம்பியூட்டருக்கு ஒண்டெண்ட கதையை நான் மறந்திட்டன். நீங்களும் மறந்திடுங்கோ. ஆனால் அதில கை வைக்கக் கூடாது."

என் மடிகணினியில் 'கடைசி', 'உண்மையான கடைசி', 'இதுதான் கடைசி' என்று கோப்புறைகள் நிறைந்திருந்தன. பழுதான பதிப்பைத் தேடிப்பிடிக்க ஒரு மாலை முழுவதும் வியர்த்தது. நல்லதைச் செய்ய இவ்வளவு பதறியதில்லை. கண்டுபிடித்து, பாதி அட்டவணையோடு அப்படியே கொண்டுபோய் ஏற்றினேன். மிஸ் பக்கத்திலேயே நின்று பார்த்தார்.

முதலில் வந்து இருந்தவள், யாரைச் சுற்றி வளைக்கிறது என்று அன்று கேட்ட அதே சிறுமி. கதிரையில் காலை மடித்து வைத்துக்கொண்டு, காய்களை ஒவ்வொன்றாகப் பறிகொடுத்து, தனி ராசாவோடு மிஞ்சினாள். என் கோட்டை உலாத்தத் தொடங்கியது. அவள் ராசாவைப் பத்திரமாக நடுவில் வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். வேறொருவரின் விரல் கடைசியில் வந்துவிட்டது. ஆனால் எந்தப் பக்கத்துக்குப் பதறுவது என்று பிடிபடவில்லை. அவளுக்குச் சமன் கிடைக்க வேண்டும் என்று ஒரு மனம். ஒருதரமாவது மேட் போட்டுத் தொலையேன் என்று இன்னொரு மனம்.

எண்ணிக்கை ஏற ஏற அவளுக்கு அலுப்பு வந்தது. ராசாவைச் சும்மா ஓரத்துக்குக் கொண்டுபோனாள். உலாத்திக்கொண்டிருந்த என் ராசாவும் தற்செயலாக அதற்கு நேரெதிரே வந்து நின்றது. ஒரே நகர்த்தலில் மேட் என்றால் அட்டவணை இல்லாமலே அதற்குத் தெரியும். கோட்டை நேரே வந்து ஓரத்தில் இறங்கியது.

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அங்கிள், நீங்கள் திருத்திப்போட்டீங்கள்."

"இல்லைப் பிள்ளை. சத்தியமாய் நான் ஒண்டும் செய்யேல்லை."

"அண்டைக்கு இப்பிடிச் செய்யேல்லையே."

கதவடியிலிருந்து மிஸ்ஸின் குரல் வந்தது. "தம்பி, கை வைக்கக் கூடாதெண்டு நான் சொன்னனான்தானே."

தற்செயல், ஒரே நகர்த்தல், வேர், கிளை என்று இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி விளக்கினேன். மிஸ் கைகட்டி நின்று கேட்டார். அவள் கேட்கவில்லை. என்னை ஒரு துளியும் நம்பாத முகத்தோடு சுட்டியைப் பிடித்து, புது ஆட்டத்தைத் தொடங்கியிருந்தாள்.